பெங்களூரில் தமிழ்ப் படம்: டெலிகிராமில் இறக்கிப் பார்ப்பதால் நிஜமாகவே யாருக்கு நஷ்டம்?

பொம்மனஹள்ளி சரண்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் போளூர் பக்கம். இப்போது பொம்மனஹள்ளியில் ஒரு பி.ஜி. விடுதியில் தங்கி எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். எங்கள் பி.ஜி.யில் பாதிப் பேர் தமிழ்ப் பசங்க. வெள்ளிக்கிழமை ஒரு படம் வந்தால், அன்று ராத்திரியோ மறுநாளோ யாராவது டெலிகிராமில் இறக்கி, பென் டிரைவில் போட்டு, ஹாலில் இருக்கிற டிவியில் செருகிவிடுவார்கள். சாப்பாட்டுத் தட்டோடு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம்.

போன வாரம் இதைப் பற்றிப் பேச்சு வந்து பெரிய வாக்குவாதமாகிவிட்டது. நான் இது திருட்டு என்றேன். என் ரூம்மேட் கேட்டான்: "ஹீரோ கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார். நான் அறுநூறு ரூபாய் கொடுக்காவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாதா? இதே படத்தை எங்க ஊரில் நூற்றைம்பதுக்குப் பார்க்கலாம். இங்கே மட்டும் ஏன் நாலு மடங்கு?" எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. விலை விஷயத்தில் அவன் சொல்வதும் உண்மை. முதல் நாள் படம் பார்க்க இங்கிருந்து ஓசூருக்கு பைக்கில் போகிறவர்கள் எங்கள் பி.ஜி.யிலேயே இருக்கிறார்கள்.

வருஷத்துக்கு 20,000 கோடி நஷ்டம் என்று செய்தியில் வருகிறதே, அது எந்தக் கணக்கு? சட்டம் கடுமையாகிவிட்டது என்கிறார்கள், ஆனால் படம் முதல் நாளே வந்துவிடுகிறதே, எப்படி? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது விவரமாகச் சொன்னால், அப்படியே எங்கள் பி.ஜி. குரூப்பில் போடலாம் என்று இருக்கிறேன்.

ராபர்ட்சன்பேட்டைக்காரன்:

தம்பி சரண், நான் பெங்களூரின் சினிமா வியாபாரப் பகுதியான காந்திநகரில் ஒரு விநியோகஸ்தர் ஆபீஸில் ரெப். தமிழ்ப் படங்களின் கர்நாடக உரிமையை வாங்கி வெளியிடும் ஆபீஸ். தியேட்டருக்குப் போய் ஒவ்வொரு ஷோவுக்கும் எத்தனை டிக்கெட் போனது என்று சரிபார்த்து, டி.சி.ஆர். என்கிற தினசரி வசூல் கணக்கு வாங்கி வருவது என் வேலை. கேஜிஎஃப்பில், அதாவது கோலார் தங்கவயலில் பிறந்தவன். அதனால் அந்தப் பக்கத் தியேட்டர்களையும் என்னிடமே கொடுத்திருக்கிறார்கள்.

உன் ரூம்மேட் சொன்ன பெரிய ஹீரோவை முதலில் ஒதுக்கி வைப்போம். அவர் சம்பளம் படம் வெளியாவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். ஓடிடி, சாட்டிலைட், ஆடியோ, வெளிநாடு எல்லாம் முன்கூட்டியே விற்றிருக்கும். முதல் மூன்று நாள் தியேட்டர் எப்படியும் நிரம்பும். டெலிகிராமில் வந்தாலும் ரசிகன் முதல் ஷோவுக்கு வந்தே தீருவான். அந்த மட்டில் உன் ரூம்மேட் சொல்வது சரிதான், அவர் வீட்டு அடுப்பு எரியும்.

நான் கவலைப்படுவது இன்னொரு வகைப் படத்துக்காக. பெரிய முகம் இல்லாத, நல்ல கதை உள்ள, வெள்ளிக்கிழமை காலை யாருக்குமே தெரியாமல் வருகிற படம். அந்தப் படத்துக்கு முதல் வாரத்தில் லாபம் என்ற பேச்சே கிடையாது. அது பிழைப்பது இரண்டாவது வாரத்தில். பைரசி கொன்றது அந்த இரண்டாவது வாரத்தைத்தான்.

டி.சி.ஆர். தாளை நீ பார்த்திருக்க மாட்டாய். இடது ஓரத்தில் ஷோ நேரம். பிறகு கிளாஸ்: பால்கனி, ஃபர்ஸ்ட், செகண்ட். அதற்கு நேராக டிக்கெட் தொடக்க எண், முடிவு எண், விற்றது எத்தனை, மொத்த வசூல், வரி, நிகரம். கீழே மேனேஜர் கையெழுத்து, என் கையெழுத்து. சிறு படத்தின் தாள்களைத் தேதி வாரியாக வரிசையாக வைத்தால் அதன் நாடி தெரியும். வெள்ளி காலை, மேட்னி இரண்டும் கிட்டத்தட்ட காலி. சனி ஈவினிங் கொஞ்சம் அசையும். ஞாயிறு ஈவினிங்கில் பால்கனி நிரம்பும். எங்கள் கண்ணெல்லாம் திங்கள் மேட்னி மேல். திங்கள் மேட்னி விழாமல் நின்றுவிட்டால் படம் தப்பியது. அதற்குப் பிறகு பார்த்தவர் சொல்லி, கேட்டவர் வந்து, இரண்டாம் சனிக்கிழமை முதல் சனிக்கிழமையைத் தாண்டும். ஸ்ரீராமபுரம் நடராஜ், அல்சூர் லாவண்யா, மாருதி சேவாநகர் முகுந்தா என்று தமிழ்ப் படத்துக்குப் பேர்போன தியேட்டர்களில் அப்படி ஏறி வந்த படங்களை என் கையாலேயே கணக்கு எழுதியிருக்கிறேன்.

இப்போதும் ஞாயிறு ஈவினிங் நிரம்புகிறது. படம் நல்லாயிருக்கு என்ற பேச்சு முன்னைவிட வேகமாகப் பரவுகிறது. ஆனால் பேச்சோடு லிங்க்கும் சேர்ந்தே போகிறது. திங்கள் மேட்னி தரையில் விழுகிறது. இரண்டாம் சனிக்கிழமைக்குத் தியேட்டரில் படமே இருப்பதில்லை.

இதை நான் ரயிலில் கண்ணால் பார்க்கிறேன். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் வரும் காலை ரயிலில் கேஜிஎஃப் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வருகிறார்கள். 2001-ல் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரின் பிழைப்பே அந்த ரயில்தான். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கம்பெனி வேலை. திங்கட்கிழமை காலை பங்காரப்பேட்டை தாண்டினால் போதும், எதிர் சீட்டில், பக்கத்து சீட்டில், கதவோரம் நிற்பவன் கையில் என்று அந்த வெள்ளிக்கிழமைப் படம் ஓடிக்கொண்டிருக்கும். இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டி இரண்டு பேர் ஒரே போனில் பார்ப்பார்கள். ஓரத்தில் முன்சீட்டுக்காரர் தலை தெரியும். நடுவில் யாரோ எழுந்து போவார்கள். அந்தப் பிரதியில்தான் பார்க்கிறார்கள். விடியுமுன் கிளம்பி ராத்திரி திரும்புகிறவர்கள் அவர்கள், திட்ட எனக்கு மனசு வராது. ஆனால் அதே ஜனங்கள்தான் ஒரு காலத்தில் கேஜிஎஃப் ராபர்ட்சன்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை மூன்று ஷோவையும் நிரப்பினார்கள். ஒருநாள் நான் ரெப்பாகப் போயிருந்த படத்தையே என் எதிரில் பார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். "படம் எப்படிண்ணா?" என்று கேட்டேன். "அருமையா இருக்கு தம்பி, வீட்ல எல்லாருக்கும் அனுப்பிட்டேன்" என்றார். அந்த வாரமே அந்தப் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

யார் பணம் போகிறது என்று கேட்டாயே. சிறு படத்தை யாரும் எம்.ஜி. (மினிமம் கியாரண்டி, முன்கூட்டியே தருகிற உறுதித் தொகை) கொடுத்து வாங்குவதில்லை. தயாரிப்பாளர் தன் செலவில் வெளியிடுகிறார், நாங்கள் கமிஷனுக்குச் செய்து கொடுக்கிறோம். ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் வி.பி.எஃப்., அதாவது டிஜிட்டல் புரொஜெக்ஷனுக்கான கட்டணம், கட்ட வேண்டும். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது கட்டியாக வேண்டிய பணம். இந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018 மார்ச்சில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப் படமே வெளியிடாமல் ஒன்றரை மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதோடு போஸ்டர், போஸ்டர் ஒட்டுகிறவர் கூலி, ரெப் பேட்டா. இங்கே சிங்கிள் ஸ்கிரீன்களில் பல இடத்தில் வார வாடகை முறை. தியேட்டர்காரருக்கு வாடகை போனது போக மிஞ்சினால்தான் தயாரிப்பாளருக்கு. இரண்டாவது வாரம் இல்லையென்றால் மிஞ்ச எதுவும் இருக்காது. கையிலிருந்து போகும்.

இதன் விளைவு உங்கள் பி.ஜி.க்கும் வரும். எங்கள் முதலாளி இப்போது பெரிய பெயர் இல்லாத தமிழ்ப் படத்தைக் கையில் எடுக்கவே யோசிக்கிறார். கர்நாடகம் முழுக்க இரண்டு மூன்று ஸ்கிரீன், அதுவும் மல்டிபிளெக்ஸில் ஏதோ ஒரு ஷோ. பல படங்கள் ஓசூரோடு நின்றுவிடுகின்றன. கன்னடப் படக்காரர்களுக்கும் இதே கதைதான், காந்திநகரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

தியேட்டர்கள் மூடுவதற்கெல்லாம் பைரசிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பெங்களூரில் கபாலி தியேட்டரை இடித்தார்கள், 2024-ல் காவேரி தியேட்டரும் மூடியது. நகரத்தின் நடுவில் அந்த நிலம் போகிற விலைக்கு எந்தப் படம் ஓடியும் ஈடுகட்ட முடியாது. ஆனால் உரிமையாளர் இன்னும் ஐந்து வருஷம் பார்ப்போம் என்று நினைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் இல்லாமல் போனதில் பைரசிக்குப் பெரிய பங்கு உண்டு.

மாரத்தஹள்ளி தேவி:

அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வேலையை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். நான் வீடியோ பாதுகாப்புத் துறையில் இருக்கிறேன். சரண் கேட்ட மற்ற இரண்டுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

20,000 கோடி என்பது 2023-ல் திரைப்படச் சட்டத் திருத்தம் வந்தபோது மத்திய அரசே சொன்ன மதிப்பீடு. அடுத்த வருஷம் இ.ஒய். என்ற ஆலோசனை நிறுவனமும் இன்டர்நெட் அண்ட் மொபைல் சங்கமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. 2023-ல் இந்தியாவில் பைரசி மூலம் புரண்ட பணத்தை 22,400 கோடி என்று அது கணக்கிட்டது. தியேட்டர் படங்களிலிருந்து 13,700 கோடி, ஓடிடி-யிலிருந்து 8,700 கோடி. பார்ப்பவர்களில் 51 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் திருட்டுப் பிரதி பார்க்கிறார்கள் என்றும் சொன்னது. இது சர்வே எடுத்துப் போட்ட மதிப்பீடு, பில் போட்ட கணக்கு இல்லை. டெலிகிராமில் பார்த்த ஒவ்வொருவரும் தியேட்டருக்கு வந்திருப்பார் என்று எடுத்துக்கொண்டால் தப்பு.

அப்படியானால் எத்தனை பேர் காசு கொடுத்துப் பார்த்திருப்பார்கள் என்ற கேள்விக்கே தனியாக ஆய்வு இருக்கிறது. ஐரோப்பிய ஆணையம் செய்யச் சொல்லி 2015-ல் முடிந்து 2017-ல் வெளியே வந்த ஆய்வு, புதிதாக வந்த பெரிய படங்களில் திருட்டுத்தனமாகப் பத்து முறை பார்க்கப்பட்டால் நாலு முறை முறையாகப் பார்ப்பது குறைகிறது என்று கண்டது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் குறிப்பானது. ரிலீஸுக்கு முன்பே கசிந்த படம், ரிலீஸுக்குப் பிறகு கசிந்த படத்தைவிடச் சராசரியாக 19.1 சதவீதம் குறைவாக வசூலித்தது. எப்போது கசிகிறது என்பதைப் பொறுத்து அடி மாறுகிறது. அண்ணன் சொல்கிற திங்கள் மேட்னி கணக்கும் நேரத்தைப் பற்றியதுதான் என்பதால் எனக்கு அது நம்பும்படியாக இருக்கிறது.

படம் எப்படி வெளியே போகிறது? தியேட்டருக்கு வருகிற டிஜிட்டல் பிரதி பூட்டியே வரும். குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட தேதிக்குள் மட்டும் திறக்கிற சாவி தனியாக வரும். அதனால் பூட்டை உடைப்பதைவிட ஆட்கள் சீட்டில் உட்கார்ந்து போனில் எடுப்பதுதான் சுலபம். அதைப் பிடிக்கத்தான் வாட்டர்மார்க் என்கிற, கண்ணுக்குத் தெரியாத அடையாளக் குறி. படம் ஓடும்போதே தியேட்டர் கருவி அதைப் படத்திலும் ஒலியிலும் கலந்துவிடும். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் வகுத்த டி.சி.ஐ. விதிப்படி அதில் 35 பிட் தகவல் இருக்கும். 16 பிட் நேரத்துக்கு, அதாவது வருஷத்தின் எந்தப் பதினைந்து நிமிஷத்தில் ஓடியது என்பது. மீதி 19 பிட் எந்தக் கருவி என்பதற்கு. இது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை முழுசாகத் திரும்பத் திரும்ப வரும். நீங்கள் பி.ஜி. டிவியில் பார்க்கிற மங்கலான பிரதிக்குள்ளும் எந்த ஊர், எந்த ஸ்கிரீன், எந்த ஷோ என்பது பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

அப்படியிருந்தும் முதல் நாளே வருகிறதே என்றால், வாட்டர்மார்க் திருடனை அடையாளம் காட்டும், தடுக்காது. கண்டுபிடிக்கிற நேரத்தில் படம் நூறு சேனலுக்குப் போயிருக்கும். 2024 அக்டோபரில் கொச்சி சைபர் போலீஸ் பெங்களூருக்கே வந்து இரண்டு பேரைப் பிடித்தது. கோயம்புத்தூர் மல்டிபிளெக்ஸ் ஒன்றில் ஒரு மலையாளப் படத்தை எடுத்தார்கள் என்பது வழக்கு. கேரளாவில் புகார், திருட்டுத்தனமாக எடுத்தது தமிழ்நாட்டில், கைது கர்நாடகத்தில். ஒரே ஒரு படத்துக்கு மூன்று மாநிலம்.

ஓடிடி பிரதி வேறு வழியில் வருகிறது. வைட்வைன் என்ற பூட்டு அதிகம் பயன்படுகிறது. போனின் சிப்புக்குள் நடக்கிற வலுவான நிலை ஒன்று, வெறும் மென்பொருளில் ஓடுகிற பலவீனமான நிலை ஒன்று. பலவீனமான நிலையைப் பலமுறை உடைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஓடிடி-யில் வந்த சில மணி நேரத்திலேயே பளிச்சென்ற பிரதி கிடைக்கிறது. எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கப்போகிற படத்துக்கு ஓடிடி நிறுவனம் ஏன் அதிக விலை தரும்? ஸ்டார் இல்லாத படம் விற்காமல் கிடப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று.

சட்டம் இப்போது பலமாகவே இருக்கிறது. 2023 திருத்தத்தில் 6ஏஏ, 6ஏபி என்று இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. அனுமதியில்லாமல் பதிவு செய்தாலோ பரப்பினாலோ மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம், அதிகபட்சம் ஆடிட் செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம். தமிழ்நாட்டில் 2004-லேயே வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். 2018 நவம்பரில் ஒரு ரஜினி படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் 12,000-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்கச் சொன்னது. அப்படியும் வெளியான அன்றே திருட்டுப் பிரதி வந்தது. ஒரு தளத்தை மூடினால் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி இன்னொன்று திறப்பார்கள். அதற்காகத்தான் டெல்லி உயர் நீதிமன்றம் 2019-ல், புதிதாக முளைக்கிற நகல் தளங்களையும் புது வழக்கு போடாமலே பட்டியலில் சேர்க்க வழிசெய்தது. இதெல்லாம் உதவுகிறது. ஆனால் அந்தத் தளங்களுக்குச் சூதாட்ட விளம்பரக்காரர்கள் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிற வரை ஒருவன் போனால் இன்னொருவன் வருவான். உங்கள் ஹாலில் பத்துப் பேர் பார்க்கிற படத்துக்கு யாருக்கோ வருமானம் போகிறது. படம் எடுத்தவருக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

ஒயிட்ஃபீல்டு சுமதி:

இரண்டு பதிலும் நன்றாக இருந்தது. ஆனால் பார்க்கிறவர்கள் பக்கம் யாரும் பேசவில்லை.

நாங்கள் நாலு பேர் குடும்பம், மாமியாரும் கூட இருக்கிறார். ஒரு பெரிய தமிழ்ப் படத்துக்கு முதல் வாரம் இங்கே போனால் டிக்கெட்டிலேயே இரண்டாயிரத்துக்கு மேல் போய்விடும். அதற்கு மேல் பாப்கார்ன், பார்க்கிங். தமிழ்நாட்டில் அரசு டிக்கெட்டுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. இங்கே 2025 செப்டம்பரில் 200 ரூபாய் என்று அறிவித்தார்கள், அதே மாதம் உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. நம் மொழி பேசுகிற ஊரில் வசிக்காத குற்றத்துக்கு நாங்கள் அதிகம் கட்ட வேண்டுமா?

சின்னப் படங்களைப் பற்றி அண்ணன் சொல்கிறார். எனக்கும் அந்தப் படங்கள்தான் பிடிக்கும். ஆனால் ஒயிட்ஃபீல்டில் அப்படி ஒரு படம் வந்தால் ராத்திரி பத்தரைக்கு ஒரே ஒரு ஷோ. வேலைக்குப் போகிற, பிள்ளை வைத்திருக்கிற பெண் அதற்கு எப்படிப் போவாள்? மாமியார் கேட்கிற பழைய படங்களில் பல எந்த ஓடிடி-யிலும் இல்லை. நாங்கள் மூன்று ஓடிடி-க்குச் சந்தா கட்டுகிறோம். நான் திருட்டுப் பிரதிக்கு வக்காலத்து வாங்கவில்லை, எங்கள் வீட்டில் அது கிடையாது. ஆனால் கொடுக்கத் தயாராக இருக்கிறவருக்கும் வழி இல்லாமல் வைத்துக்கொண்டு, பார்க்கிறவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

ராபர்ட்சன்பேட்டைக்காரன்:

சுமதிக்கா, நீங்கள் கேட்டதில் பாதிக்கு என்னிடம் மறுப்பே இல்லை. முதல் வாரம் பெரிய படத்துக்கு இங்கே வைக்கிற விலை அநியாயம். அதை எங்கள் ஆபீஸிலேயே சொல்லியிருக்கிறேன். கர்நாடக உரிமைக்குப் பெரிய தொகை கொடுத்து வாங்குகிறவர், மூன்று நாளில் எடுத்துவிடத் துடிக்கிறார். இரண்டாவது வாரம் இருக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் விலையை ஏற்றுகிறார். விலை ஏறியதால் ஜனங்கள் டெலிகிராமுக்குப் போகிறார்கள். அதனால் இரண்டாவது வாரம் இன்னும் மெலிகிறது. இதில் யார் முதலில் நிறுத்துவது என்று காந்திநகரில் நாங்கள் பேசாத நாளில்லை.

ஆனால் விலைதான் முழுக் காரணம் என்பதை நான் ஏற்க மாட்டேன். ரயிலில் ஒருவர் பார்த்ததாக நான் சொன்ன அந்தப் படம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைக்குக் குறைவாகத்தான் ஓடியது. அங்கேயும் திங்கள் மேட்னி விழுந்தது. நூறு ரூபாய்க்கு உட்பட்ட டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். சிங்கிள் ஸ்கிரீனில் கீழ் கிளாஸ் இன்னும் சாதாரண ஜனங்களுக்கு எட்டுகிற விலைதான். ஏசி மாலில் சாய்வு நாற்காலி விலையை வைத்து எல்லாத் தியேட்டரையும் எடைபோடாதீர்கள்.

அந்தப் பத்தரை மணி ஷோ எப்படி வருகிறது என்று சொல்கிறேன், இது வெளியே பலருக்குத் தெரியாது. மல்டிபிளெக்ஸில் எந்தப் படத்துக்கு எத்தனை ஷோ என்பதை ஒரு தனிக் குழு வாராவாரம் முடிவு செய்யும். சிறு படத்துக்கு முதல் வாரம் மதியம் ஒன்று, மாலை ஒன்று என்று கொடுப்பார்கள். வெள்ளி, சனி இரண்டு நாள் எத்தனை சீட் நிரம்பியது என்று பார்ப்பார்கள். நிரம்பாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையே மாலை ஷோ பறிபோகும். புதன்கிழமை அடுத்த வாரப் பட்டியல் வரும்போது, யாரும் கேட்காத பத்தரை மணிதான் மிஞ்சும். நாங்கள் போனில் கெஞ்சுவோம். "உங்க படத்தைப் பத்தி எல்லாரும் பேசறாங்க, ஆனா சீட்ல ஆளைக் காணோமே சார்" என்பார்கள். என்ன சொல்வது? பேசுகிறவர்கள் எங்கே பார்த்தார்கள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பழைய படங்கள் விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம்தான் நான். பல படங்களின் நெகட்டிவ் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே வாரிசுகளுக்குள் தீராத வழக்காகக் கிடக்கிறது. அதை மாமியார் யூடியூபில் பார்த்தால் யாருடைய திங்கள் மேட்னியும் விழப்போவதில்லை. நான் பேசுவது இந்த வெள்ளிக்கிழமை வந்து, அடுத்த வெள்ளிக்குள் சாகிற படத்தைப் பற்றி மட்டும்.

பொம்மனஹள்ளி சரண்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மணி அண்ணன் எழுதிய ரயில் பகுதியை ஹாலில் சத்தமாகப் படித்தேன் (அண்ணன் பெயர் தெரியாது, நாங்களாக மணி என்று வைத்துக்கொண்டோம், கோவிக்க வேண்டாம்). ரூம்மேட் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய படம் பெரிய படம்தான், அதை இறக்கிப் பார்ப்பேன், சின்னப் படத்தை மட்டும் தியேட்டரில் பார்க்கிறேன் என்கிறான். அது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் எதுவுமே இல்லாததற்கு ஒரு படி மேல் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். டெலிகிராமில் ஒரு சேனல் கண்ணில் பட்டால் சாதாரண ஆள் யாரிடம் சொல்வது? சின்னப் படம் பெங்களூரில் எந்தத் தியேட்டரில் ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? செயலியில் தேடினால் ஒயிட்ஃபீல்டைத்தான் காட்டுகிறது.

மாரத்தஹள்ளி தேவி:

முதலாவதற்கு நான் சொல்கிறேன். 2023 நவம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், தணிக்கை வாரியத்திலும் தன் அலுவலகத்திலுமாக இதற்கென்றே அதிகாரிகளை நியமித்தது. புகார் சரியென்று அவர்கள் உத்தரவிட்டால் 48 மணி நேரத்துக்குள் இணைப்பை நீக்க வேண்டும். உரிமையாளர்தான் புகார் தர வேண்டும் என்றில்லை, யாரும் தரலாம். உரிமை இல்லாதவர் தந்தால் அதிகாரி விசாரித்து முடிவெடுப்பார். ஆனால் 48 மணி நேரம் என்பது ஒரு சிறு படத்துக்கு அதன் வார இறுதி முழுவதும். அதனால் தயாரிப்பு நிறுவனத்தின் எக்ஸ் பக்கத்துக்கோ மின்னஞ்சலுக்கோ நேராக அனுப்புங்கள். பலர் இதற்கென்று ஏஜென்சி வைத்திருக்கிறார்கள், அவர்கள் வேகமாக நீக்க வைப்பார்கள். சேனல் பெயர், இணைப்பு, தேதி நேரம் தெரிகிற ஸ்கிரீன்ஷாட் மூன்றும் இருக்கட்டும். இணைப்பைப் பொதுவில் போட்டுத் திட்டாதீர்கள், அது விளம்பரமாகிவிடும். குரூப்பில் இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்வதும் பரப்புவதுதான் என்பதை உங்கள் பி.ஜி. ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்.

ராபர்ட்சன்பேட்டைக்காரன்:

மணி என்ற பெயர் நன்றாகத்தான் இருக்கிறது, அப்படியே கூப்பிடுங்கள்.

தம்பி, செயலியில் தியேட்டர் பெயரை வைத்துத் தேடாதே, படத்தின் பெயரை வைத்துத் தேடு. மொழியைத் தமிழ் என்று மாற்று. பட்டியல் புதன் ராத்திரியோ வியாழனோதான் முழுசாக ஏறும், அதற்கு முன் பார்த்தால் ஒன்றிரண்டுதான் காட்டும். உங்கள் பக்கம் மடிவாளா, பன்னேர்கட்டா ரோடு தியேட்டர்களையும் சேர்த்துப் பார். சிங்கிள் ஸ்கிரீன் சிலவற்றில் கவுண்டரில் மட்டும்தான் டிக்கெட். அதற்குப் படத்தின் போஸ்டரை முகநூலிலோ இன்ஸ்டாவிலோ பார்த்தால் அடியில் கர்நாடகத் தியேட்டர் பட்டியல் சின்ன எழுத்தில் இருக்கும். அதை நாங்கள்தான் போடுகிறோம்.

உன் ரூம்மேட்டிடம் ஒன்று சொல். அவன் சின்னப் படத்துக்கு வருவதாக இருந்தால் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். வெள்ளி மாலையோ சனி மதியமோ வரச் சொல். அந்த இரண்டு நாள் கணக்கைத்தான் மல்டிபிளெக்ஸ்காரர்கள் எண்ணுகிறார்கள். பதினைந்து பேர் சேர்ந்து வருவதாக இருந்தால் முன்னாலேயே இங்கே எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். மேனேஜரிடம் பேசி ஒரே வரிசையில் சீட் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.